தைராய்டு மாத்திரையை நிறுத்தலாமா?

கல்யாணம் ஆகி 2 வருடம் ஆகிறது. குழந்தை இல்லை. கணவனும் மனைவியும் டாக்டரிடம் போகிறார்கள். ரத்தம் எடுக்கிறார்கள். மறுநாள் சீட்டு வருகிறது.

"உங்களுக்குத் தைராய்டு இருக்கிறது, அம்மா" என்கிறார் டாக்டர்.

இந்தப் பேச்சு இன்று தெருவுக்குத் தெரு கேட்கிறது. கேட்டதும் பெண் கலங்குகிறாள். மாமியார் முகம் சுருங்குகிறது. பக்கத்து வீட்டு அம்மாள் ஒரு வைத்தியம் சொல்கிறார். மருந்துக் கடைக்காரர் வேறு ஒரு யோசனை சொல்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

முதலில் ஒன்று. தைராய்டு என்பது நோயின் பெயர் அல்ல. அது நம் எல்லோருக்கும் இருக்கிறது. டாக்டருக்கும் இருக்கிறது! கழுத்தின் முன்பக்கம், குரல்வளைக்குக் கொஞ்சம் கீழே, வண்ணத்துப்பூச்சி சிறகை விரித்தது போல ஒட்டிக்கொண்டிருக்கும் சுரப்பி அது. அது கெட்டுப்போனால்தான் நோய்.

அந்தச் சுரப்பி "தைராக்சின்" என்ற சத்து நீரைச் சுரக்கிறது. அது ரத்தத்தில் கலந்து உடம்பு முழுவதும் போகிறது. உடம்பில் சூடு இருப்பதும், இதயம் ஒழுங்காகத் துடிப்பதும், மாத விலக்கு தவறாமல் வருவதும் அதன் தயவால்தான். அது குறைந்தால் எல்லாம் மந்தம் ஆகும். அசதி வரும். உடம்பு கனக்கும். முடி கொட்டும். மலச்சிக்கல் வரும். குளிர் தாங்காது. மாத விலக்கு தாறுமாறாகும்.

மேஸ்திரி போடும் கூச்சல்

ரத்தச் சீட்டில் "டி.எஸ்.எச்." என்று ஓர் எண் இருக்கும். அந்த எண் கூடினால் பலர், "தைராய்டு கூடிவிட்டது" என்று நினைக்கிறார்கள். அது தவறு. நேர் மாறாகப் புரிந்துகொள்ள வேண்டும்.

கட்டட வேலையைப் பார்த்திருப்பீர்கள். மேஸ்திரி நிற்கிறார். வேலையாள் ஒழுங்காக வேலை செய்தால் மேஸ்திரி சத்தம் போட மாட்டார். வேலையாள் சுணங்கினால்? மேஸ்திரியின் குரல் ஓங்கும். இன்னும் சுணங்கினால் கூச்சலே போடுவார்.

மூளையின் அடியில் "பிட்யூட்டரி" என்ற சிறு சுரப்பி இருக்கிறது. அதுதான் மேஸ்திரி. தைராய்டு வேலையாள். டி.எஸ்.எச். என்பது மேஸ்திரியின் குரல். அந்த எண் கூடி இருந்தால் தைராய்டு சுணங்குகிறது என்று அர்த்தம். எண் மிகவும் குறைந்திருந்தால் தைராய்டு அளவுக்கு மீறி ஓடுகிறது என்று அர்த்தம்.

காவலாளியே வீட்டை இடித்தால்?

தைராய்டு ஏன் சுணங்குகிறது?

ஒரு காலத்தில் அயோடின் பற்றாக்குறைதான் பெரிய காரணம். மலை நாடுகளில் கழுத்து வீங்கிய மக்களை நிறையப் பார்க்கலாம். இன்று சமையலுக்கு அயோடின் கலந்த உப்புத்தான் விற்க வேண்டும் என்று இந்தியாவில் சட்டம் இருக்கிறது. 2006 முதல் அமலில் இருக்கிறது. உப்பு கிடைக்கிறது. ஆனாலும் தைராய்டுக் கோளாறு போகவில்லை. ஏன்?

நம் ரத்தத்தில் காவலாளிகள் இருக்கிறார்கள். கிருமி உள்ளே நுழைந்தால் அடித்துத் துரத்துவது அவர்கள் வேலை. சிலருக்கு அந்தக் காவலாளிகளுக்குப் புத்தி தடுமாறிவிடுகிறது. சொந்தத் தைராய்டையே எதிரி என்று எண்ணித் தாக்குகிறார்கள். "எதிர்ப்பொருள்" என்று சீட்டில் எழுதுவது இந்தத் தாக்குதலின் அடையாளம். ஒரு நாளில் சுரப்பி அழியாது. பல வருடங்களில் கொஞ்சம் கொஞ்சமாகத் தேயும்.

இதற்கு "ஹஷிமோட்டோ நோய்" என்று பெயர். ஹஷிமோட்டோ ஒரு ஜப்பான் டாக்டர். முழுப் பெயர் ஹகாரு ஹஷிமோட்டோ. 1912-ம் ஆண்டு, புகுவோகா நகரில், வீங்கிய தைராய்டுடன் வந்த 4 பேரை ஆராய்ந்தார். நாலு பேரும் பெண்கள். அறுத்து எடுத்த சுரப்பியில் ரத்த வெள்ளை அணுக்கள் மொய்த்துக் கிடந்தன. "இது இதுவரை யாரும் சொல்லாத நோய்" என்று ஜெர்மன் மொழியில் எழுதினார். அப்போது அவருக்கு வயது 31. உலகம் கவனிக்கவில்லை. அவர் சொந்த ஊருக்குப் போய் ஊர் டாக்டராகக் காலம் தள்ளினார். 1934-ல் டைபாய்டு காய்ச்சலில் இறந்தார். தன் பெயர் இப்படி உலகம் எல்லாம் ரத்தச் சீட்டுகளில் ஏறும் என்று அவர் கனவிலும் எண்ணி இருக்க மாட்டார்.

காவலாளிதான் குற்றவாளி என்பது 1956-ல்தான் தெரிந்தது. லண்டனில் ஐவன் ராய்ட், டெபோரா டோனியாக் என்ற பெண் டாக்டர், இன்னும் சிலர் சேர்ந்து அதைக் கண்டுபிடித்தார்கள்.

நம் நாட்டுக் கணக்கு என்ன? சென்னை உள்பட 8 நகரங்களில் 5 ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களின் ரத்தத்தைச் சோதித்தார்கள். முடிவு 2013-ல் வந்தது. 100-க்கு ஏறக்குறைய 11 பேருக்குத் தைராய்டு சுணக்கம். எதிர்ப்பொருள் இருந்தவர்கள் 100-க்கு ஏறக்குறைய 22 பேர். ஆண்களைவிடப் பெண்களுக்குத்தான் சுணக்கம் மிக அதிகம். இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. பெண்ணின் குற்றமும் இல்லை.

குழந்தைக்கு யார் கொடுப்பது?

தைராக்சின் குறைந்தால் கரு முட்டை மாதா மாதம் ஒழுங்காக வெளிவராது. கர்ப்பம் தரிப்பது தள்ளிப் போகும். தரித்தாலும் கரு கலைய வாய்ப்புக் கூடுகிறது. ரத்தக் கொதிப்பும் குறைப் பிரசவமும் வரலாம்.

இது தாயின் பக்கம். குழந்தையின் பக்கம் என்ன?

வயிற்றில் இருக்கும் குழந்தைக்கும் தைராய்டு சுரப்பி உண்டாகிறது. ஆனால் முதல் 3 மாதங்கள் அது சுரப்பது இல்லை. பிறகு மெதுவாகத் தொடங்குகிறது. நன்றாகச் சுரக்க 5-வது மாதம் நெருங்க வேண்டும். குழந்தையின் மூளை அதுவரை காத்திருக்குமா? காத்திருக்காது. முதல் வாரங்களிலேயே வளரத் தொடங்கிவிடுகிறது. அதற்குத் தைராக்சின் வேண்டும். யார் கொடுப்பது? தாய்தான் கொடுக்க வேண்டும்.

ஆகவே கர்ப்பம் ஆனதும் தாயின் தைராய்டு இரண்டு உயிருக்கு உழைக்கிறது. நல்ல சுரப்பி அந்தச் சுமையைத் தாங்கும். காவலாளி இடித்துத் தள்ளிய சுரப்பி தாங்குமா? தாங்காது. மாத்திரைதான் கை கொடுக்க வேண்டும்.

சரியாக அந்த நேரத்தில்தான் பலர் மாத்திரையை நிறுத்துகிறார்கள்!

"இனிமேல் எதற்கு மாத்திரை?"

ஒரு வீட்டை எண்ணிப் பாருங்கள். மருமகள் முழுகாமல் இருக்கிறாள். வீடு முழுதும் சந்தோஷம். காலையில் வழக்கம் போல மாத்திரைப் புட்டியைத் திறக்கிறாள். மாமியார் பார்த்துவிடுகிறார்.

"வயிற்றில் பிள்ளை இருக்கும்போது எதற்கம்மா கண்ட மாத்திரை? சூடு. பிள்ளைக்கு ஆகாது. எடுத்து வை" என்கிறார்.

"டாக்டர் சாப்பிடச் சொன்னாரே, அத்தை?"

"அது குழந்தை இல்லாதபோது சொன்னது. இப்போதுதான் உண்டாகிவிட்டாயே. இனிமேல் எதற்கு?"

மாமியார் கெட்டவர் அல்ல. பேரப் பிள்ளை மீது உள்ள ஆசையால் சொல்கிறார். கர்ப்பிணி கண்ட மருந்தையும் சாப்பிடக் கூடாது என்பதும் உண்மைதான். ஆனால் தைராக்சின் மாத்திரை கண்ட மருந்து அல்ல. சுரப்பி சுரக்கும் அதே சத்தைத்தான் ஆலையில் செய்து மாத்திரை ஆக்கி இருக்கிறார்கள். வீட்டுக் கிணற்றில் தண்ணீர் வற்றினால் தெருக் குழாயில் பிடிக்கிறோம் அல்லவா? அது போலத்தான். கர்ப்பத்திலும் சாப்பிடலாம். பால் கொடுக்கும்போதும் சாப்பிடலாம்.

அந்தக் காலத்தில் இந்த மாத்திரை கிடையாது. 1891-ல் இங்கிலாந்து டாக்டர் ஜார்ஜ் முர்ரே என்ன செய்தார் தெரியுமா? ஆட்டுத் தைராய்டைப் பிழிந்து சாறு எடுத்து, 46 வயதுப் பெண் ஒருவருக்கு ஊசி போட்டார். முகம் வீங்கி, பேச்சுக் குழறிக் கிடந்த அந்த அம்மாள் எழுந்து நடமாடினார். பிறகு 28 வருடம் உயிரோடு இருந்தார். அதற்காக நூற்றுக்கணக்கான ஆடுகளின் தைராய்டு செலவானது! இன்று ஒரு சிறு புட்டியில் 100 மாத்திரை வந்துவிடுகிறது. இந்திய அரசின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலும் இருக்கிறது.

நிறுத்தக் கூடாது. கூட்டவும் வேண்டும்!

2004-ம் ஆண்டு அமெரிக்காவில் பாஸ்டன் நகர டாக்டர்கள் ஒரு முக்கியமான செய்தியை வெளியிட்டார்கள். ஏற்கனவே தைராக்சின் மாத்திரை சாப்பிட்டு வந்த பெண்களைக் கர்ப்ப காலம் முழுவதும் கவனித்தார்கள். பெரும்பாலோருக்கு மாத்திரை அளவைக் கூட்ட வேண்டி வந்தது. எப்போது முதல்? 5-வது வாரம் முதல்! கர்ப்பத்தின் பாதிக்குள், முன்பு சாப்பிட்ட அளவைப் போல ஏறக்குறைய ஒன்றரை மடங்கு தேவைப்பட்டது.

5-வது வாரம் என்றால் என்ன? தீட்டு தள்ளிப் போய் ஒரு வாரம்கூட ஆகி இருக்காது. பல பெண்களுக்குத் தாங்கள் கர்ப்பம் என்றே தெரியாத நேரம் அது.

நம் ஊரில் கர்ப்பிணிகள் எப்போது ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள்? 12 வாரத்துக்குள் பதிவு செய்யுங்கள் என்று அரசு சொல்கிறது. அதுவே நல்ல ஏற்பாடுதான். ஆனால் தைராய்டு நோய் உள்ள பெண்ணுக்கு அந்த 12 வாரம் மிகவும் தாமதம். குழந்தை தாயையே நம்பி இருக்கும் காலம் முழுவதும் அதற்குள் கடந்துவிடுகிறது.

இதற்கு டாக்டர்கள் ஓர் எளிய வழி சொல்கிறார்கள். தினம் ஒரு மாத்திரை என்றால் வாரத்துக்கு 7 மாத்திரை. கர்ப்பம் என்று தெரிந்த அன்றே அதை 9 ஆக்க வேண்டும். அதாவது வாரத்தில் 2 நாள் மட்டும் இரண்டு மாத்திரை. பிறகு ரத்தம் சோதித்து டாக்டர் அளவைத் திருத்துவார். அமெரிக்கத் தைராய்டு சங்கம் 2017-ல் வெளியிட்ட வழிகாட்டியில் இது இருக்கிறது.

நீங்களாகவே இதைச் செய்ய வேண்டாம். ஆளுக்கு ஆள் அளவு மாறும். இதய நோய் உள்ளவர்களும் இருப்பார்கள். ஆனால் கர்ப்பத்துக்கு முன்பே டாக்டரிடம் கேட்டு வைக்கலாம் அல்லவா? "டாக்டர், நான் முழுகாமல் இருக்கிறேன் என்று தெரிந்தால் அன்றைக்கு எத்தனை மாத்திரை சாப்பிட வேண்டும்?" என்று கேளுங்கள். சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். அந்தச் சீட்டை மாத்திரைப் புட்டியோடு வைத்துக்கொள்ளுங்கள். மாமியாரிடமும் காட்டுங்கள். வாயால் சொல்வதைவிடச் சீட்டுக்கு மதிப்பு அதிகம்!

கர்ப்பம் உறுதி ஆனதும் டி.எஸ்.எச். பார்க்க வேண்டும். பிறகு 4 வாரத்துக்கு ஒரு முறை, கர்ப்பத்தின் பாதி வரை பார்க்க வேண்டும். 30-வது வாரத்தை ஒட்டி இன்னொரு முறை.

முன்கூட்டியே தயார்

குழந்தை வேண்டும் என்று நினைக்கும்போதே தைராய்டைச் சரி செய்துகொள்வது நல்லது. மாத்திரை சாப்பிடும் பெண்ணுக்கு, கர்ப்பத்துக்கு முன்பு டி.எஸ்.எச். 2.5-க்குக் கீழே இருக்கட்டும் என்று அந்த வழிகாட்டி சொல்கிறது.

மாத்திரை அளவை மாற்றினால் பலன் மறுநாள் தெரியாது. 6 வாரம் பொறுத்துத்தான் ரத்தம் பார்க்க வேண்டும். சிலர் பத்து நாளில் பார்த்துவிட்டு, "மருந்து வேலை செய்யவில்லை" என்று டாக்டரையே மாற்றிவிடுகிறார்கள். காசுக்கும் கேடு, மனசுக்கும் கேடு.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. எண் 2.8 வந்தது, 3 வந்தது என்று நடுங்கி, "தைராய்டு சரியாகட்டும், பிறகு பார்க்கலாம்" என்று வருடக்கணக்கில் குழந்தையைத் தள்ளிப்போடும் தம்பதிகள் உண்டு. அதுவும் சரி அல்ல. வயது காத்திருக்காது. பெரும்பாலோருக்கு இரண்டு மூன்று மாதங்களில் அளவு ஒழுங்குக்கு வந்துவிடும்.

இங்கே கணவர்மார்களுக்கு ஒரு வார்த்தை. மனைவியின் சீட்டில் ஒரு குறை தெரிந்ததும், "குறை அவளிடம்தான்" என்று தீர்ப்புச் சொல்லிவிடாதீர்கள். குழந்தை இல்லாததற்கு ஆணும் காரணமாக இருக்கலாம். உங்கள் சோதனையையும் செய்துகொள்ளுங்கள். அதற்கு ஆகும் செலவும் குறைவு. நேரமும் குறைவு.

எல்லோருக்கும் மாத்திரையா?

இப்போது டாக்டர்களுக்குள்ளேயே நடந்த ஒரு விவாதத்தைச் சொல்ல வேண்டும். ஏனென்றால் நம் பெண்கள் பலர் அதில் சிக்கி இருக்கிறார்கள்.

ஒரு பெண்ணுக்கு எதிர்ப்பொருள் இருக்கிறது. ஆனால் டி.எஸ்.எச். சரியாக இருக்கிறது. அதாவது காவலாளி தாக்கத் தொடங்கிவிட்டான். ஆனால் வேலை இன்னும் கெடவில்லை. இவளுக்கு மாத்திரை கொடுக்கலாமா?

எதிர்ப்பொருள் உள்ளவர்களுக்குக் கருச்சிதைவு அதிகம் என்பது பழைய செய்தி. ஆகவே மாத்திரை கொடுத்தால் சிதைவு குறையுமோ என்று எண்ணினார்கள். 2006-ல் இத்தாலியில் கொடுத்துப் பார்த்தார்கள். மாத்திரை சாப்பிட்டவர்களுக்குச் சிதைவு குறைந்தது போலத் தெரிந்தது. ஆனால் அது சிறிய சோதனை. எதிர்ப்பொருள் உள்ள நூற்றுச் சொச்சம் பெண்கள்தான். ஆனாலும் செய்தி உலகம் முழுவதும் பரவியது. ஆறுதல் தேடுகிற மனசுக்கு அது போதும் அல்லவா? பல நாடுகளில் மாத்திரை எழுதிக் கொடுக்கத் தொடங்கினார்கள். 2017 அமெரிக்க வழிகாட்டிகூட, "முன்பு கரு கலைந்த கர்ப்பிணிகளுக்குக் கொடுத்துப் பார்க்கலாம்" என்றுதான் சொன்னது.

இங்கிலாந்தில் பர்மிங்காம் டாக்டர்கள், "பெரிய சோதனை நடத்திப் பார்த்துவிடலாம்" என்று இறங்கினார்கள். 49 ஆஸ்பத்திரிகள். 19 ஆயிரத்துக்கு மேற்பட்ட பெண்களைச் சோதித்து, எதிர்ப்பொருள் உள்ள, டி.எஸ்.எச். சரியாக உள்ள 952 பேரைச் சேர்த்தார்கள். எல்லோரும் முன்பு கரு கலைந்தவர்கள், அல்லது குழந்தை இல்லாமல் தவித்தவர்கள். பாதிப் பேருக்குத் தினம் 50 மைக்ரோகிராம் தைராக்சின். கர்ப்பத்துக்கு முன்பிருந்தே கொடுத்தார்கள். மற்றப் பாதிப் பேருக்கு மருந்தே இல்லாத வெறும் மாத்திரை. யாருக்கு எது என்று டாக்டருக்கும் தெரியாது, பெண்ணுக்கும் தெரியாது.

2019-ல் முடிவு வந்தது. மருந்து சாப்பிட்டவர்களில் 100-க்கு 37.4 பேர் குழந்தை பெற்றார்கள். வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களில் 37.9 பேர் குழந்தை பெற்றார்கள். வித்தியாசமே இல்லை! கருச்சிதைவும் இரண்டு பக்கத்திலும் ஏறக்குறைய ஒன்றுதான். செயற்கை முறையில் கருத்தரித்த 600 பெண்களிடம் சீனாவில் செய்த சோதனையும் 2017-லேயே இதே போலத்தான் முடிந்தது.

இதில் இருந்து என்ன தெரிகிறது? சுரப்பி சரியாக வேலை செய்யும்போது, எதிர்ப்பொருளுக்காக மட்டும் மாத்திரை சாப்பிட்டுப் பயன் இல்லை. மாத்திரை தைராக்சினைக் கொடுக்கும். காவலாளியின் புத்தியைத் திருத்தாது.

ஆனாலும் நம் ஊரில் இன்னும் எதிர்ப்பொருள் சீட்டைப் பார்த்த உடனே மாத்திரை தொடங்கும் வழக்கம் போகவில்லை. எதிர்ப்பொருள் அளவு குறைந்ததா என்று மாதா மாதம் ரத்தம் எடுப்பவர்களும் இருக்கிறார்கள். அந்த எண்ணைத் துரத்திக்கொண்டு ஓடுவது வீண். ஒரு முறை இருக்கிறது என்று தெரிந்தால் போதும். அப்படிப்பட்ட பெண் கர்ப்பம் ஆனால் டி.எஸ்.எச்.-ஐ அடிக்கடி பார்க்க வேண்டும். சுணக்கம் தெரிந்தால் உடனே மாத்திரை தொடங்க வேண்டும். அதுதான் எதிர்ப்பொருள் சீட்டினால் கிடைக்கும் உண்மையான பயன்.

ஒரு கரு கலைந்து, மனம் உடைந்து நிற்கும் பெண்ணிடம், "மாத்திரை வேண்டாம், காத்திருங்கள்" என்று சொல்வது டாக்டருக்குக் கஷ்டம்தான். ஏதாவது கொடுத்தால் இருவருக்கும் நிம்மதி. அந்த நிம்மதிக்கு விலை உண்டு. அளவு சரியாக இருக்கும் பெண்ணுக்கு மாத்திரை மிஞ்சிப் போனால் படபடப்பு வரும். தூக்கம் கெடும்.

காப்பியும் இரும்புச் சத்து மாத்திரையும்

டாக்டர் சரியான அளவுதான் கொடுக்கிறார். பெண்ணும் தவறாமல் சாப்பிடுகிறாள். ஆனாலும் எண் இறங்கவில்லை. ஏன்?

பெரும்பாலும் காரணம் சமையல் அறையில் இருக்கிறது.

தைராக்சின் மாத்திரையை வெறும் வயிற்றில், தண்ணீரில்தான் சாப்பிட வேண்டும். அதன் பிறகு அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை எதுவும் கூடாது. காப்பியும் கூடாது. காப்பி சேர்ந்தால் மாத்திரை ரத்தத்தில் சரியாக ஏறாது. ஒரு கையில் மாத்திரை, மறு கையில் காப்பி என்பது நம் வீட்டு வழக்கம். இதை விட வேண்டும். காலையில் முடியாவிட்டால் ராத்திரி சாப்பாடு முடிந்து 3 மணி நேரம் கழித்துப் படுக்கப் போகும்போது சாப்பிடலாம்.

அதைவிட முக்கியம் இரும்புச் சத்து மாத்திரை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிகளுக்கு இரும்புச் சத்து மாத்திரை தருகிறார்கள். சுண்ணாம்புச் சத்து மாத்திரையும் தருகிறார்கள். இரண்டும் நல்லவை. கட்டாயம் சாப்பிட வேண்டும். ஆனால் அவை வயிற்றில் தைராக்சினைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ரத்தத்தில் ஏற விடாது. ஆகவே இடையில் 4 மணி நேரம் விட வேண்டும். காலை 6 மணிக்குத் தைராக்சின் என்றால், சுண்ணாம்புச் சத்து மதியச் சாப்பாட்டோடு, இரும்புச் சத்து இரவில் என்று வைத்துக்கொள்ளலாம்.

எல்லா மாத்திரையையும் ஒரே உள்ளங்கையில் வைத்து ஒரே மடக்கில் விழுங்கும் பெண்கள் எத்தனை பேர்! அவர்களிடம் யாரும் சொல்லவில்லை. இரும்புச் சத்து தருபவர் ஒருவர், தைராய்டுக்கு எழுதுபவர் இன்னொருவர். நடுவில் ஒருவர் சொல்ல வேண்டாமா?

முடி கொட்டுகிறது என்று "பயோட்டின்" மாத்திரை சாப்பிடுபவர்களும் கவனிக்க வேண்டும். அது தைராய்டைக் கெடுக்காது. ஆனால் சில சோதனைக் கருவிகளை ஏமாற்றிவிடும். சீட்டில் தவறான எண் வரும். ரத்தம் எடுப்பதற்கு 2 நாள் முன்பே அதை நிறுத்தி, டாக்டரிடமும் சொல்லிவிடுங்கள்.

முட்டைக்கோசு, காலிபிளவர் கூடாது என்று சொல்வார்கள். வேக வைத்து, வழக்கமான அளவில் சாப்பிட்டால் பயம் இல்லை. உப்பு? அயோடின் உப்பே போதும். கர்ப்பிணிக்கு அயோடின் கூடுதலாக வேண்டும் என்பது உண்மை. ஆனால் ஹஷிமோட்டோ உள்ளவர்கள் "தைராய்டுக்கு நல்லது" என்று கடையில் விற்கும் அயோடின் மருந்துகளைத் தாங்களாக வாங்கிச் சாப்பிடக் கூடாது. மிஞ்சினால் சுரப்பி இன்னும் சுணங்கும்.

இன்னொரு வகை

இதே காவலாளி, சிலருக்கு வேறு விதமாக விளையாடுவான். சுரப்பியை இடிக்காமல் விரட்டி விரட்டி வேலை வாங்குவான். தைராக்சின் அளவுக்கு மீறிப் பாயும். உடம்பு இளைக்கும். நெஞ்சு படபடக்கும். கை நடுங்கும். இதற்குக் "கிரேவ்ஸ் நோய்" என்று பெயர். இதற்கு மாத்திரையே வேறு. அதில் "கார்பிமசோல்" என்ற மருந்து கர்ப்பத்தின் முதல் வாரங்களில் குழந்தைக்கு ஊனம் உண்டாக்கலாம். ஆகவே கிரேவ்ஸ் நோய் உள்ளவர்கள் டாக்டரைப் பார்க்காமல் கர்ப்பத்துக்கு முயலக் கூடாது. மாத்திரையைத் தாங்களாக நிறுத்தவும் கூடாது. அதுவும் ஆபத்து.

அரசாங்கம் என்ன செய்யலாம்?

எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் தைராய்டு சோதனை செய்ய வேண்டுமா? உலகம் முழுவதும் இதில் கருத்து வேற்றுமை இருக்கிறது. "வேண்டும் என்றும் சொல்ல முடியவில்லை, வேண்டாம் என்றும் சொல்ல முடியவில்லை, சான்று போதாது" என்றது 2017 அமெரிக்க வழிகாட்டி. நம் மத்திய சுகாதார அமைச்சகம் 2014-ல் ஒரு நெறி வகுத்தது. ஏற்கனவே தைராய்டு நோய் உள்ளவர்கள், குடும்பத்தில் நோய் உள்ளவர்கள், திரும்பத் திரும்பக் கரு கலைந்தவர்கள், குழந்தை இல்லாமல் இருந்து கருத்தரித்தவர்கள் போன்றவர்களைத் தேடிச் சோதிக்க வேண்டும் என்றது.

தேடுவது நல்லதுதான். ஆனால் கர்ப்பம் ஆன பிறகு தேடினால், அந்த முதல் வாரங்கள் போனது போனதுதான். கிராம சுகாதார நர்சு வீடு வீடாகப் போகிறார். புதிதாகக் கல்யாணம் ஆனவர்களின் பெயரைப் பதிவேட்டில் எழுதுகிறார். அப்போதே, "தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறாயா, அம்மா? உன் தாய்க்கு, அக்காவுக்கு இருக்கிறதா?" என்று ஒரு கேள்வி கேட்டால் என்ன? அதற்குக் கருவி வேண்டாம். பணம் வேண்டாம். "ஆமாம்" என்று சொல்லும் பெண்ணை மட்டும் ரத்தச் சோதனைக்கு அனுப்பினால் போதும்.

பிள்ளை பெற்ற பிறகு

பிரசவம் ஆனதும் மாத்திரை அளவைப் பழையபடி குறைக்க வேண்டும். கர்ப்பத்தில் சாப்பிட்ட கூடுதல் அளவையே தொடர்ந்தால் மிஞ்சிவிடும். ஆஸ்பத்திரியில் இருந்து வீட்டுக்குக் கிளம்பும் முன்பே டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

எதிர்ப்பொருள் உள்ள பெண்களுக்குப் பிரசவத்துக்குப் பிறகு ஒரு வருடம்வரை இன்னும் கவனம் தேவை. கர்ப்ப காலத்தில் அடங்கிக் கிடந்த காவலாளி மறுபடியும் தலை தூக்குவான். முதலில் சில வாரம் படபடப்பு. பிறகு அசதி, சோர்வு, காரணம் தெரியாத அழுகை. "பிள்ளை பெற்ற உடம்பு, அப்படித்தான் இருக்கும்" என்று வீட்டில் சொல்லிவிடுவார்கள். சில சமயம் அது தைராய்டாக இருக்கும். இதுவரை மாத்திரையே சாப்பிடாத பெண்ணுக்கும் வரலாம்.

6-வது வாரம் குழந்தைக்குத் தடுப்பூசி போட ஆஸ்பத்திரிக்குப் போவீர்கள். எல்லோரும் குழந்தையைத்தான் பார்ப்பார்கள். அன்றைக்கே தாய்க்கும் ரத்தம் எடுத்து, டி.எஸ்.எச். பார்க்கச் சொல்லுங்கள்.